கிரய ஒப்பந்த வழக்குகளைத் தூங்க விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் கோர்ட் செய்தி வந்தால் நான் விடாமல் படிப்பேன். அதில் ஒரு வகைச் செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. நிலம் வாங்க ஒப்பந்தம் போட்டவர், எழுதிக் கொடுக்க மறுக்கிறார்கள் என்று வழக்குப் போட்டார், அது வருஷக்கணக்கில் இழுத்தது, கடைசியில் வாதி தரப்பில் யாரும் ஆஜராகாததால் தள்ளுபடி ஆனது. படிக்கிறவர்கள் "பணத்தைக் கொடுத்தவன் கதியைப் பார்" என்று வாதிக்காகத்தான் வருத்தப்படுகிறார்கள். சார்பதிவாளர் அலுவலக வாசலில் பல வருஷமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிற எனக்குத் தோன்றுவது வேறு. நான் பார்த்தவரை இந்தத் தள்ளுபடிகளில் பெரும்பாலானவை நியாயமானவை, ஆனால் ரொம்பத் தாமதமாக வருகிறவை. தள்ளுபடி வந்த பிறகும் நிலத்துக்காரருக்கு நிம்மதி கிடைப்பதில்லை என்பதுதான் கொடுமை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 40 லட்சம் ரூபாய்க்கு ஒரு நிலத்துக்கு ஒப்பந்தம். முன்பணம் 4 லட்சம், மீதியைக் கொடுக்க 6 மாசமோ 11 மாசமோ கெடு. வாங்குகிறவர் தன் குடும்பத்துக்கு வீடு கட்ட வருகிறவராக இருந்தால் கெடு முடிவதற்குள் ஓடி ஆடிப் பணம் புரட்டிக்கொண்டு வந்துவிடுவார். ஆனால் நிறையப் பேர் அப்படி வருவதில்லை. கையில் இருக்கும் 4 லட்சத்தை வைத்து நிலத்தைப் பிடித்துப் போட்டுவிட்டு, அதை மனை பிரித்து மூன்றாவது ஆளுக்கு விற்று, அந்தப் பணத்தில் நிலத்துக்காரருக்குக் கொடுக்கலாம் என்று வருகிறார்கள். மார்க்கெட் நன்றாக இருந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். படுத்துவிட்டால் கெடு முடிந்தாலும் ஆள் வரமாட்டார், போனையும் எடுக்கமாட்டார். அப்புறம் மூன்றாவது வருஷம் முடியப்போகிற நேரத்தில் ஒரு வக்கீல் நோட்டீஸ், பின்னாலேயே வழக்கு. ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடலாம் என்று காலவரையறைச் சட்டத்தின் 54-வது இனம் சொல்கிறது. அந்த மூன்று வருஷத்தையும் சும்மா உட்கார்ந்திருக்கக் கொடுத்த அனுமதியாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

வழக்குப் போட என்ன செலவு? தமிழ்நாட்டில் 2017-க்கு முன் கோர்ட் கட்டணம் நூற்றுக்கு ஏழரை ரூபாய். இப்போது 3 ரூபாய். 40 லட்சத்துக்கு 1.20 லட்சம். ஆக 5.20 லட்சமும் வக்கீல் ஃபீஸும் இருந்தால் 40 லட்சம் பெறும் நிலத்தை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் கட்டிப் போடலாம். தடையாணைகூடத் தேவையில்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52-வது பிரிவு இருக்கிறது, வழக்கு நடக்கும்போது யார் அந்தச் சொத்தை வாங்கினாலும் தீர்ப்பு அவரையும் கட்டுப்படுத்தும் என்று. அதற்கப்புறம் யார் வாங்க வருவார்கள்? எந்த வங்கி கடன் கொடுக்கும்? இத்தனைக்கும் அதே சட்டத்தின் 54-வது பிரிவு, வெறும் கிரய ஒப்பந்தம் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்று தெளிவாகச் சொல்கிறது. உரிமை கொடுக்காத காகிதம், வழக்கு எண் ஒன்று கிடைத்தவுடன் உரிமைக்காரரையே சொந்த நிலத்தில் கை வைக்க முடியாமல் செய்துவிடுகிறது.

இந்த மாதிரி வழக்கில் வாதிக்கு அவசரமே இருக்காது. வழக்கு எவ்வளவு மெதுவாகப் போகிறதோ அவ்வளவு லாபம், ஏனென்றால் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே இருக்கிறது, அவர் கொடுக்க வேண்டிய மீதிப் பணம் மட்டும் பழைய விலையிலேயே நிற்கிறது. அதனால் சம்மனுக்குப் பேட்டா, அதாவது அதை அனுப்பக் கோர்ட்டில் கட்டும் செலவுத் தொகை, கட்டமாட்டார், கட்டினாலும் பழைய விலாசம் கொடுத்திருப்பார். நிலத்துக்காரர் தானாகவே வந்து ஆஜரானால் பிராதை, அதாவது வழக்கு மனுவை, திருத்த ஒரு மனு, இன்னொருவரைச் சேர்க்க ஒரு மனு, அப்புறம் வாய்தா, மறுபடி வாய்தா. விலை ஏறிவிட்டால் வழக்கு திடீரென்று உயிர் பெற்று ஓடும். ஏறாவிட்டால் அப்படியே கிடந்து ஒரு நாள் டிஃபால்ட்டில், அதாவது வாதி ஆஜராகாததால் தள்ளுபடியாகி, போகும். அவருக்கு நஷ்டம் முன்பணமும் கோர்ட் செலவும்தான். அதில் முன்பணத்தையும் பிறகு எப்படித் திரும்ப வாங்கப் பார்க்கிறார் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இதைச் சொன்னால் "சட்டம் அப்படி, கோர்ட் என்ன செய்யும்" என்பார்கள். அது சரியல்ல. சட்டம் கோர்ட்டின் கையில் போதுமான அளவு கொடுத்திருக்கிறது. மதுரையில் ஒரு வீட்டுக்கு 1978-இல் போட்ட ஒப்பந்தம், விலை 60,000, முன்பணம் 5,000, கெடு 6 மாசம். வாங்குகிறவர் ஏறக்குறைய இரண்டரை வருஷம் சும்மா இருந்துவிட்டு 1981-இல் வழக்குக்கு வந்தார். 1997-இல் உச்ச நீதிமன்றம் அவருக்குக் கிரயம் செய்து கொடுக்க உத்தரவிட முடியாது என்றது. மூன்று வருஷம் அவகாசம் இருக்கிறது என்பதற்காக ஒருவர் கடைசி வரை காத்திருந்துவிட்டு வந்து கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்பதில்லை, நகரங்களில் வீட்டு விலை ஏறுகிற வேகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்க முடியாது என்றது. இன்னொரு வழக்கில் 1981-இல் போட்ட ஒப்பந்தம் 2011 வரை இழுத்தது. அதிலும் வாங்குகிறவர் தோற்றார். அசையாச் சொத்து ஒப்பந்தத்தில் காலக்கெடு அத்தனை முக்கியமல்ல என்ற பழைய கொள்கை விலை ஏறாமல் இருந்த காலத்தில் பிறந்தது, இன்றைக்கு அதை மறுபடி யோசிக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. தீர்ப்புகள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்த நியாயத்தைக் கேட்க நிலத்துக்காரர் முப்பது வருஷம் உயிரோடு இருக்க வேண்டியிருக்கிறது.

2018-இல் குறித்தவகை நிவாரணச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் உத்தரவிடுவதும் மறுப்பதும் கோர்ட்டின் விருப்புரிமை என்று முன்பு இருந்ததை எடுத்துவிட்டு, வாதி தன் பங்கை நிரூபித்தால் நிறைவேற்ற உத்தரவிட வேண்டும் என்று கடுமையாக்கினார்கள். வாங்குகிறவருக்கு அது பெரிய பலம். அதற்கு ஈடாக 20சி என்று ஒரு பிரிவையும் வைத்தார்கள்: எதிர்த்தரப்புக்குச் சம்மன் சார்வானதிலிருந்து, அதாவது கையில் கிடைத்ததிலிருந்து, 12 மாசத்துக்குள் வழக்கை முடிக்க வேண்டும், காரணத்தை எழுதி வைத்து இன்னும் 6 மாசம் நீட்டலாம், அதற்கு மேல் இல்லை. மொத்தம் ஒன்றரை வருஷம். பலத்தை எல்லா வக்கீலும் பிராதில் எழுதுகிறார்கள், இந்த 20சி-யை யாராவது வாய்தா நாளில் எடுத்துக் காட்டி நான் கேள்விப்பட்டதில்லை. அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது பாருங்கள், சம்மன் சார்வான நாளிலிருந்துதான் கணக்கு. சம்மனே போகாமல் பார்த்துக்கொண்டால் அந்த 12 மாசம் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. பேட்டா கட்டாத வழக்கை வெறும் அலட்சியம் என்று நீதிபதிகள் நினைக்கக் கூடாது.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியமானது. இந்த வழக்கில் வாதி தான் பணத்தோடு தயாராக இருந்ததாகவும், கிரயம் முடிக்க மனமும் இருந்ததாகவும் நிரூபிக்க வேண்டும், அதே நிவாரணச் சட்டத்தின் 16-வது பிரிவின் (சி) அதைத்தான் சொல்கிறது. ஆனால் அதன் விளக்கத்திலேயே, கோர்ட் உத்தரவிட்டால் ஒழிய பணத்தைக் கோர்ட்டில் கட்ட வேண்டிய அவசியமில்லை என்று இருக்கிறது. எல்லாரும் "அவசியமில்லை" என்பதையே பிடித்துக்கொள்கிறார்கள். "கோர்ட் உத்தரவிட்டால் ஒழிய" என்றும் அங்கேதான் எழுதியிருக்கிறது. அந்த உத்தரவை நீதிபதி முதல் சில வாய்தாக்களிலேயே போட்டால் என்ன? மீதி 36 லட்சத்தை இரண்டு மாசத்தில் கோர்ட்டில் கட்டு, அது தேசிய வங்கியில் வைப்பு நிதியாக வட்டியோடு இருக்கும், ஜெயித்தால் நிலம், தோற்றால் பணம் உனக்கே திரும்ப வரும். உண்மையாக நிலம் வேண்டும் என்று வந்தவர் கட்டிவிடுவார், கொஞ்சம் அவகாசம் கேட்டாவது கட்டுவார். பிடித்துப் போட வந்தவர் அன்றைக்கே கழன்றுகொள்வார். பத்து வருஷம் சாட்சி விசாரித்துக் கண்டுபிடிக்கிற விஷயம் இரண்டு மாசத்தில் தெரிந்துவிடும். சில நீதிபதிகள் இப்படிச் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எல்லாரும் வழக்கமாகவே செய்ய வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

சரி, வழக்கு டிஃபால்ட்டில் தள்ளுபடி ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறமாவது நிலத்துக்காரருக்கு விடிந்ததா என்றால் அதுவும் இல்லை.

எங்கள் பக்கத்து ஊரில் ஓர் அம்மா. கணவர் காலமாகிவிட்டார், தன் பெயரில் 60 சென்ட் புஞ்சை, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே. மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த சமயத்தில் ஒரு மனை வியாபாரி ஒப்பந்தம் போட்டார், பதிவும் செய்தார். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும், அதனால் அது வில்லங்கச் சான்றில் ஏறிவிட்டது. கெடு போயிற்று, கல்யாணத்தைக் கடன் வாங்கி நடத்தினார்கள், வழக்கு வந்தது, படுத்தது, கடைசியில் வாதி ஆஜராகாமல் தள்ளுபடி ஆனது. அந்த அம்மா உத்தரவு நகலையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். சான்றில் அந்த ஒப்பந்தம் இருக்கிற வரியை யாரோ சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டுக் கொடுத்திருந்தார்கள். "தம்பி, கேஸுதான் தள்ளுபடி ஆயிருச்சே, இந்த ஒரு வரி ஏன் போக மாட்டேங்குது?" என்று கேட்டார்.

அவருக்கு நான் என்ன சொல்வது? கோர்ட் உத்தரவு கோர்ட்டில் இருக்கிறது, வில்லங்கம் பதிவுத்துறையில் இருக்கிறது, ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதில்லை. டிஃபால்ட் தள்ளுபடி உரிமையியல் விசாரணை முறைச் சட்டப்படி டிக்ரிகூட, அதாவது உரிமையை முடிவு செய்கிற தீர்ப்பாணைகூட, கிடையாது, வெறும் உத்தரவுதான். ஒப்பந்தம் செல்லுமா செல்லாதா என்று அதில் ஒரு வார்த்தையும் இருக்காது. பதிவான ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டுமென்றால் இரண்டு பேரும் வந்து ரத்து ஆவணத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வியாபாரியிடம் போனால், வழக்கில் வந்து நிற்காத மனுஷன், கையெழுத்துக்கு விலை பேசுகிறார். கொடுத்த முன்பணமும் வேண்டுமாம், மேலே இத்தனை வருஷ வட்டியும் வேண்டுமாம். கொடுக்காவிட்டால் தள்ளுபடியான வழக்கை மறுபடி கோப்புக்கு எடுத்து நடத்த மனுப் போடுவேன் என்கிறார். வாங்க வந்த பார்ட்டியின் வங்கி வக்கீலோ, அந்த வரி இருக்கும்வரை சொத்து சரியாக இருக்கிறது என்று கருத்துரை தர முடியாது என்று எழுதிவிட்டார். வழக்கில் ஜெயித்தவர் தோற்றவரிடம் போய்க் கெஞ்சுகிற நிலைமை இது.

மறுபடி கோப்புக்கு எடுக்கிற மனுவுக்கு 30 நாள்தான் கெடு. அதே காரணத்துக்காகப் புதிதாக வழக்குப் போடவும் முடியாது, அதே விசாரணை முறைச் சட்டத்தின் 9-வது கட்டளையின் 9-வது விதி தடுக்கிறது. சட்டம் இவ்வளவு கறாராக இருக்கிறது, ஆனால் தாமதத்தை மன்னிக்கக் கோரி ஒரு மனுவைச் சேர்த்துப் போட்டால் 30 நாள் 300 நாளாகிறது, 1,000 நாளாகக்கூட ஆகிறது. தாமதத்துக்குக் காரணமாக மஞ்சள் காமாலை என்று ஒரு வரி, நாட்டு வைத்தியர் என்று ஒரு வரி, பெயரை மட்டும் மாற்றி எல்லா மனுவிலும் அதே வாசகம். உண்மையாகவே உடம்பு முடியாதவரின் மனுவும் இந்தக் கூட்டத்தில் சிக்கி மதிப்பிழந்துவிடுகிறது. கிரய ஒப்பந்த வழக்கில் இப்படி ஒரு மனு வந்தால் நீதிபதி கேட்க வேண்டியது ஒன்றுதான்: மீதிக் கிரயத் தொகையை முதலில் கட்டுகிறாயா?

வாங்குகிறவர்கள் எல்லாரும் மோசம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். ஏமாந்த வாதிகளும் எனக்குத் தெரிந்தவர்கள்தான். ஓய்வு பெற்ற ஒரு பஸ் கண்டக்டர், பிஎஃப் பணம் முழுக்க முன்பணமாகக் கொடுத்துவிட்டு, நிலத்துக்காரர் கூடுதல் விலைக்கு வேறு ஆள் பார்த்துவிட்டதால் வழக்குப் போட்டவர். கட்ட வேண்டிய பணத்தை வீட்டை அடமானம் வைத்துத் தயாராக வைத்திருந்தார். "நாங்க பாத்துக்கிறோம், சாட்சி சொல்றப்ப கூப்பிடுறோம்" என்று குமாஸ்தா சொன்னதை நம்பி வீட்டில் இருந்தார். வக்கீல் வேறு ஊருக்குப் போய்விட்டார், வழக்கு கூப்பிட்டபோது ஆளில்லை, தள்ளுபடி. அவருக்குத் தெரியவந்தபோது ஒரு பொங்கல் போய் அடுத்த பொங்கலும் வந்துவிட்டது. இதில் இன்னொரு அடி என்னவென்றால், பிராதில் கிரயம் மட்டும்தான் கேட்டிருந்தார்கள். "அது கிடைக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்" என்று மாற்றுப் பரிகாரம் கேட்கவில்லை. குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 22-வது பிரிவுப்படி கேட்காததைக் கோர்ட் கொடுக்க முடியாது. வழக்கு நடக்கும்போது எந்த நிலையிலும் பிராதைத் திருத்திச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது, ஆனால் வழக்கே போன பிறகு எதைத் திருத்துவது? வக்கீல் செய்த தவறுக்குக் கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1981-லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி வாதாடவும் இன்னொரு வக்கீலுக்குப் பணம் வேண்டும்.

இந்த இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததுதான் இன்றைய தள்ளுபடியின் குறை. வழக்கைக் கூப்பிட்ட அன்று வாதி இல்லை, தள்ளுபடி, அடுத்த வழக்கு. வியாபாரிக்கு அது கவலையில்லை, கண்டக்டருக்கு அதோடு வாழ்க்கை போயிற்று. தள்ளுபடி செய்வதற்கு முன் வக்கீலுக்கு இல்லாமல் வாதியின் சொந்த செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி, "அடுத்த வாய்தாவில் நேரில் வராவிட்டால் வழக்கு தள்ளுபடியாகும், மீதித் தொகையைக் கட்டத் தயாராக வரவும்" என்று போனால் என்ன செலவாகிவிடும்? பிராதிலேயே செல்போன் எண் வாங்குகிறார்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகக் கொடுக்கிற 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டால் அடுத்த தேதி என்ன, போன தேதியில் என்ன நடந்தது என்று யாரும் பார்க்கலாம், இலவசம்தான். வழக்கு நடத்துகிற வாசகர்கள் தயவுசெய்து அந்த எண்ணை வக்கீலிடம் இன்றைக்கே கேட்டு வாங்குங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், அது உங்கள் வழக்கு.

நிலத்துக்காரர்களும் யோக்கியமாக நடந்துகொள்ள வேண்டும். முன்பணத்தை வாங்கிச் செலவழித்துவிட்டு, வழக்கு தள்ளுபடியானதும் அதுவும் எனக்கே என்று உட்கார்ந்துகொள்வது எந்த ஊர் நியாயம்? தாமதத்தால் வந்த நஷ்டத்தைக் கழித்துக்கொள்ளட்டும், மீதியைக் கொடுத்துவிட்டு ரத்து ஆவணத்தை எழுதி வாங்கட்டும். இதற்கு லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றமும் சமரச மையமும் இருக்கின்றன, அங்கே பேசி முடித்தால் கட்டிய கோர்ட் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். வெளியில் தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டாலும் அந்தச் சலுகை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை 2021-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 40 லட்சம் வழக்கில் 1.20 லட்சம் திரும்ப வருகிறது என்றால் அதுவே பாதிச் சண்டையைத் தீர்க்கும். இந்த விவரம் கட்சிக்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? உங்களைப் போன்ற நாளிதழ் இதை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போட வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு ஒருவர் முழுத் தீர்ப்பே வாங்கிவிட்டாலும் என்ன ஆகிறது என்றும் பார்த்தோம். 1980-இல் போட்ட ஒரு கிரய ஒப்பந்தம், தமிழ்நாட்டு வழக்கு, வாங்கியவர் எல்லாக் கோர்ட்டிலும் ஜெயித்தும் நிலம் கைக்கு வராமல் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்போதுதான் நாடு முழுக்க நிலுவையில் இருக்கும் நிறைவேற்று மனுக்களை, அதாவது வாங்கிய தீர்ப்பைச் செயல்படுத்தக் கேட்கும் மனுக்களை, கணக்கெடுத்து 6 மாசத்துக்குள் முடிக்க ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். கணக்கு வந்தபோது 8.8 லட்சத்துக்கும் மேல் நிலுவை. படுத்துக் கிடக்கிற ஒப்பந்த வழக்குகளையும் இதே மாதிரி மாவட்டவாரியாகக் கணக்கெடுக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டால், பேட்டா கட்டாதது எத்தனை, வாதி இறந்து 90 நாளுக்குள் வாரிசைச் சேர்க்காததால் வழக்கே முடிந்து அற்றுப்போனது எத்தனை, கோப்பில் சும்மா தூங்குவது எத்தனை என்று வெளிச்சத்துக்கு வரும். வாதி இறந்த செய்தியே கோர்ட்டுக்குத் தெரியாமல் வாய்தா போய்க்கொண்டிருக்கிற வழக்குகளும் இருக்கின்றன.

பதிவுத்துறைக்கும் ஒரு வேண்டுகோள். வில்லங்கச் சான்றை இப்போது வீட்டில் இருந்தே இணையத்தில் பார்க்கலாம், வழக்கு விவரத்தையும் பார்க்கலாம். பிராதின் சொத்து விவரத்தில் சர்வே எண் இருக்கிறது, பதிவான ஒப்பந்தத்துக்கு ஆவண எண் இருக்கிறது. வழக்கு தள்ளுபடியாகி, மறுபடி கோப்புக்கு எடுக்கும் கெடுவும் போய், மனு எதுவும் நிலுவையில் இல்லை என்று கோர்ட் சான்று கொடுத்தால், அந்த விவரத்தை ஒப்பந்த வரிக்குப் பக்கத்திலேயே ஒரு குறிப்பாக ஏற்றுங்கள். ஒப்பந்தத்தை நீங்கள் ரத்து செய்ய வேண்டாம், அந்த அதிகாரம் உங்களுக்கு இல்லை என்று எனக்கும் தெரியும். "இந்த ஒப்பந்தத்தின் பேரில் போட்ட வழக்கு இன்ன தேதியில் தள்ளுபடி" என்று ஒரு வரி போதும், வங்கி வக்கீலுக்கும் வாங்க வருகிறவருக்கும் நிலைமை புரிந்துவிடும். அந்த அம்மாவின் நிலத்தைக் கேட்டு இப்போது ஒரு பார்ட்டி வந்திருக்கிறார்கள், சித்திரை வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆவண எழுத்தர்,
திண்டுக்கல் மாவட்டம்.